கூரைக்குக் கீழே ஒரு பெண்

செல்வமலரின் கோட்டுப் பைக்குள் இருந்த கடதாசியில் ஒரே எழுத்து முப்பது தடவை எழுதியிருந்தது.

தமிழும் இல்லை, டேனிஷும் இல்லை, சீன எழுத்துப் போல இருந்தது. எழுதியது மனைவியின் கைதான் என்பதில் பாலேந்திராவுக்கு ஐயமே இல்லை.

ஒரு வாரமாக அவள் தையல் தொழிற்சாலையிலிருந்து ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருகிறாள். கேட்டால் வேலை என்கிறாள். எண்பத்துநான்கில் டென்மார்க்குக்கு வந்ததிலிருந்து அவள் மனம்விட்டுச் சிரித்ததும் இல்லை. இப்போது இதுவேறு. கட்டியவனுக்கு வயிறு எரியாதா?

அவளிடம் கேட்க வாய் வரவில்லை. இக்காஸ்டில் ரயிலேறி, ஹேர்னிங்கில் இருந்த சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்க் கடதாசியை நீட்டினான்.

மேலே இருப்பது கூரை, கீழே இருப்பது பெண், கூரைக்குக் கீழே பெண் இருந்தால் நிம்மதி, அதுதான் பொருள் என்று சமையற்காரர் அரைகுறை டேனிஷில் விளக்கினார். கொரியாக்காரரும் தங்களிடமிருந்து எடுத்து இதை எழுதுகிறார்களாம்.

பாலேந்திராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவனோ ஒருத்தன், என் வீட்டுக்கு வா, நிம்மதியாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இவளும் எழுதிப் பழகுகிறாள். அப்படியென்றால் தான் வாடகை கட்டுகிற வீட்டுக்குக் கூரை இல்லையாமா?

மறுநாள் வேலை முடிகிற நேரம் பார்த்து நேரே தொழிற்சாலைக்குள் போனான்.

எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். செல்வமலரும், பக்கத்தில் சீனச் சாயல் முகத்தோடு ஓர் இளம்பெண்ணும் மட்டும் இருந்தார்கள். செல்வமலரின் மடியில் ஒரு சாண் நீளத்தில் குழந்தைச் சட்டை.

இவள் மெட்டே, என்னோடு வேலை செய்கிறவள் என்றாள் செல்வமலர். ஆறு மாதக் குழந்தையாகக் கொரியாவிலிருந்து இங்கே ஒரு குடும்பத்துக்குத் தத்து வந்தவள். வரும்போது போட்டிருந்த சட்டையின் கழுத்தில் பெற்றவள் இந்த எழுத்தைத் தைத்து அனுப்பியிருக்கிறாள். நூல் இற்றுப்போய்விட்டது. பிழை வந்துவிடக் கூடாதென்று செல்வமலர்தான் கடதாசியில் எழுதிப் பழகிவிட்டு, பழைய துளைகளிலேயே திரும்பத் தைக்கிறாளாம்.

பாலேந்திராவுக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டான்.

செல்வமலர் ஊசியை நிறுத்தவில்லை.

"எண்பத்துநாலில ஏஜென்சிக்காரன் ரெண்டு பேருக்குத்தான் இடமெண்டான். நீங்களும் ஓமெண்டீங்கள். எங்கட கைக்குழந்தையை அக்காட்டக் குடுத்திட்டு வந்தனாங்கள். அந்தப் பிள்ளையின்ர சட்டையில நான் என்னத்தைத் தைச்சு விட்டனான், சொல்லுங்கோ?"