மார்ச் பதினெட்டாம் தேதி எப்.சி.

1996 ஜூன் ஒன்பதாம் தேதி காலை, தாராபுரம் சாலையில் ஓர் அம்பாசிடர் டாக்சி புளியமரத்தில் மோதியது. பின்சீட்டில் இருந்த பிரவீனா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் அங்கேயே இறந்துபோனாள். ஓட்டி வந்த பொங்கியண்ணன் கால் முறிந்து உயிர் பிழைத்தான்.

"ஏனுங்க, வண்டி வாங்க வந்தீங்களா, இல்லே அதுக்கு ஜாதகம் பார்க்க வந்தீங்களா?"

அடுத்த பிப்ரவரியில், சரவணம்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பாலகோபால் இப்படிக் கேட்டுச் சிரித்தார். வண்டி அதே டாக்சிதான், பாலகோபால் அதன் ஓனர். முகப்பை மாற்றி, டிங்கரிங் செய்து, புதுப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு நிறுத்தியிருந்தார். பார்க்க வந்திருந்தவர் செங்கோட்டையன். காங்கேயத்துப் பக்கம் தோட்டம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். வந்து அரை மணி நேரமாகியும் கதவைத் திறந்து பார்க்கவில்லை, எஞ்சினைக் கிளப்பச் சொல்லவில்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றும் கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கேட்டார்.

பாலகோபால் எடுத்து நீட்டினார். வருடா வருடம் வண்டியைச் சோதித்துத் தரும் எப்.சி. ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்றார். விபத்தையும் அவர் மறைக்கவில்லை. டிரைவர் தூங்கிவிட்டானாம், வண்டிமேல் ஒரு குற்றமும் இல்லையாம்.

"அடிபடறதுக்கு மூணு மாசம் முன்னால ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் போட்ட வண்டிங்க. கோர்ட்டுலயே அதைத்தான் சொல்றாங்க."

டிரைவர் தூங்கிவிட்டான் என்றுதான் செங்கோட்டையனும் எட்டு மாதமாகச் சொல்லி வந்தார். பிரவீனா அவருடைய ஒரே மகள். பொங்கியண்ணன் மட்டும், பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை என்று போலீஸிலும் கோர்ட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை. போன வாரம் கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கே வந்து நின்றான். என்னை நம்ப வேண்டாம், அந்த வண்டியை ஒரு தடவை விசாரியுங்கள் என்றான். செங்கோட்டையன் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு வண்டி விற்பனைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு, வாங்குகிறவரைப் போல இங்கே வந்திருந்தார். மகளைக் கொன்றது அவனா, வண்டியா என்று தெரிந்தாக வேண்டும்.

புத்தகத்தைப் புரட்டி, மார்ச் பதினெட்டாம் தேதிப் பக்கத்தில் நின்றார். பாஸ் என்று எழுதி, மங்கிய முத்திரையின் மேல் கையெழுத்துப் போட்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாலகோபாலுக்கு அலுத்துவிட்டது. ஒரு போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்.

ஒர்க்‌ஷாப்பை நடத்துகிற ரசாக், ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். செங்கோட்டையன் அருகே போய்க் குனிந்தார்.

"ஏனுங்க பாய், போன வருசம் மார்ச் பதினெட்டாம் தேதி இந்த வண்டி எங்கே நின்னுச்சுங்க?"

"எப்.சி. தேதிங்களா? எப்.சி.க்குப் போயிருக்குமுங்க."

"வண்டி போச்சுங்களா?"

ரசாக் வெளியே வந்து, கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தார். இதுவரை வண்டி வாங்க வந்தவர் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"நீங்க யாருங்க?"

"அதுல செத்துப்போன புள்ளையோட அப்பனுங்க."

ரசாக் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

மார்ச் பதினாறிலிருந்து நாலு நாள் அந்த வண்டி இதே கொட்டகையில்தான் நின்றது. நாலு சக்கரமும் கழற்றி, கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பிரேக் ஆயில் ஒழுகியது, மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும். பதினெட்டாம் தேதி காலையில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் கோபாலசாமி வந்தார். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரின் மேல் ஒரு காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து நம்பரைப் பதிய எடுத்துக்கொண்டார். அந்தக் காகிதமும் ஆர்.சி. புத்தகமும்தான் இன்ஸ்பெக்டரிடம் போயின. வண்டி இங்கிருந்து ஓர் அடி நகரவில்லை. சாயங்காலம் புத்தகம் பாஸாகி வந்துவிட்டது. நம்பர் எடுத்து அனுப்பினால் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் வரும் என்றார் ரசாக்.

"வந்ததும் ஓனர் சொன்னாருங்க, 'பாஸாகிப் போச்சுல்ல பாய், புது சிலிண்டரெல்லாம் எதுக்கு? வாஷரை மட்டும் மாத்துங்க, போதும்'னு. நானும் மாத்திக் குடுத்துப்போட்டேன். அடுத்த மாசம்தான் பொங்கியண்ணன் வேலைக்கு வந்தான். அவனுக்கு இது எதுவும் தெரியாதுங்க."

"அவன் சொன்னது நெசமுங்களா?"

"நெசமுங்க. கோர்ட்டுக்கு வந்து நானே சொல்றேன். எம்மேல கேஸு வந்தாலும் வரட்டும், எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குதுங்க." ரசாக் எழுந்தார். "ஆனா பாஸ் போட்ட ஆளை மட்டும் உட்டுப்போடாதீங்க. வண்டியைக் கண்ணால ஒருக்கா பார்த்திருந்தா அவன் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான். அது யாரு கையெழுத்துன்னு தெரியுதுங்களா?"

செங்கோட்டையன் புத்தகத்தை மூடினார்.

அந்தக் கையெழுத்து அவருடையது. பிரேக் இன்ஸ்பெக்டராக முப்பது வருடம் இருந்து போன வருடக் கடைசியில் ஓய்வு பெற்ற அவர், அந்த வண்டியை வாங்க வந்த அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.