மெத்தை நனைந்த காரணம்

ஊர் ஊராகப் போகும் வண்டிவீடு ஒன்றின் கூரையில், வெளிச்சத்துக்காக வைத்த சின்ன ஜன்னலைச் சுற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் பழைய பசை வெடித்திருந்தது. சொந்தக்காரர் தேவசகாயம் மழைக்கு முன் சோதிக்க ஏறினார். சுரண்டினால் வலிக்குமே என்று கூரை அந்த வெடிப்பைச் சருகால் மூடிக்கொண்டது. அவரும் சருகை ஒதுக்காமல், மற்ற இடங்களில் புதுப் பசை பூசிவிட்டு இறங்கினார்.

அன்றிரவு மழை. காலையில் மெத்தை ஈரமாக இருந்தது. மெத்தையில் படுக்கும் கிழட்டு நாய்தான் மூத்திரம் போய்விட்டது என்று, தேவசகாயம் அதை வெளியே சக்கரத்தில் கட்டினார்.

"நீதானா?" என்று மெத்தை கேட்டது.

நாய் தலையைத் தொங்கப்போட்டது. "வயசாச்சு. தூக்கத்துல போயிருப்பேன் போல."

கூரை சருகை இன்னும் இழுத்து மூடிக்கொண்டது.

மத்தியானம் மறுபடி மழை. நாய் நனைந்தபடி மேலே பார்த்தது. "கூரையண்ணே, உங்களாலதான் அவர் நனையாமத் தூங்குறார். நீங்க நல்லா இருக்கணும்."

உள்ளே தேவசகாயத்தின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தவர், ஓடிவந்து நாயை அவிழ்த்தார்; தன் துண்டாலேயே துடைத்தார்.

நாய் உள்ளே போய் மெத்தையை மோந்தது. வெறும் மழைத்தண்ணீர் வாசனை. அது கூரையை நிமிர்ந்து பார்த்தது.

அதற்குப் பிறகு நாய் அதை அண்ணே என்று கூப்பிடவில்லை.