பிக்கப்பின் அடியில் ஓர் எண்

பழைய ஜப்பான் கிட்டாரில் கம்பியின் அதிர்வைச் சத்தமாக்கும் பிக்கப்பை எபிநேசர் முதல்முறையாகக் கழற்றினான். கவிழ்த்ததும் அடித்தகட்டில் 47 என்று தொடங்கும் எண் தெரிந்தது.

"நாப்பத்தேழுல செஞ்சதாங்க?" மனைவி எமரால்டு டார்ச்சை அருகே கொண்டுவந்தாள்.

"அவங்க ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்துலேருந்து எண்ணுவாங்க. இருபத்தஞ்சு கூட்டினா நம்ம வருஷம். எழுபத்திரண்டு." அவன் சிரித்தான். "என்னைவிட ஒரு வயசு மூப்பு. உன்னைவிட மூணு."

டார்ச் வெளிச்சம் எண்ணைவிட்டு நகரவில்லை.

"மூணு இல்லைங்க" என்றாள். "நானும் எழுபத்திரண்டுதான். பொண்ணு பார்க்க வந்தப்ப அம்மா குறைச்சுச் சொல்லிட்டாங்க. இருபது வருஷமா சொல்ல வாய் வரலை."

எபிநேசர் பிக்கப்பைக் கண்ணருகே தூக்கி, தூசியை ஊதி, வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு எண்ணுள்ள பக்கம் உள்ளே போகும்படி பொருத்தித் திருகுகளை இறுக்கினான்.

"எழுத்து தேஞ்சிருக்கு. வருஷம் சரியாத் தெரியலை" என்றான். "நீ கம்பியை ஒரு தட்டு தட்டு, சத்தம் வருதான்னு பார்ப்போம்."