நீலச் சீட்டு

"அதிபர் கண்ணைக் காட்டினா போதும், தலையாட்டுற ஆளுதானே நீங்க?" என்று மேசையில் ஓங்கித் தட்டினார் எதிர்க்கட்சி செனட்டர்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆர்லோ டன்லப் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டெக்சாஸ் எல்லையோர மாவட்டத்துக்கு நீதிபதியாக அதிபர் பெயர் குறித்திருக்கும் மனிதர். "அது நாளைக்கு என் கோர்ட்டுக்கு வரக்கூடிய விஷயம். இப்போ கருத்துச் சொல்றது முறையில்ல," என்றார்.

"சபாஷ்! அப்படியே சொல்லுங்க," என்று கைதட்டினார் அதிபர் மாளிகை வக்கீல் பிரெஸ்காட். "வாண்டா, நிஜ எதிர்க்கட்சிக்காரங்களையே நீங்க தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க போலிருக்கே!"

ஆமாம், இது ஒத்திகைதான். செனட் விசாரணைக்கு முன்னால் சொந்த ஆட்களையே எதிரிகளாக உட்காரவைத்துப் புதியவரை வறுத்தெடுப்பது வாஷிங்டன் வழக்கம். நிறையப் பேசி ஒன்றுமே சொல்லாமல் தப்பிப்பது எப்படி என்று அங்கே பாடமே நடக்கும்.

செனட்டர் வேடம் கட்டியிருந்த வாண்டா பிக்கெட் உண்மையில் மாட்டுப் பண்ணைக்காரி. அதிபருக்காகக் கொளுத்தும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவள்.

அவளை அழைத்ததற்குக் காரணம் இருந்தது. சொந்த மாநில செனட்டர் சம்மதம் சொல்லும் நீலச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் நியமனம் அப்படியே படுத்துவிடும். அந்த செனட்டரோ, "வாண்டா சரின்னு சொல்லட்டும், போடறேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வாண்டாவின் கோபம் ஊரறிந்தது. போன தடவை அவளும் சர்ச் பெண்களும் தொண்டை கிழியக் கத்தி உட்காரவைத்த நீதிபதி, ஒரே வருடத்தில் அவர்கள் முதுகில் குத்திவிட்டார். "உன் பேச்சைக் கேட்டுத்தானேடி அந்த ஜட்ஜுக்காகக் கத்தினோம்?" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் வாசலிலேயே அவளை மடக்குகிறார்கள்.

இப்போது அதே கோர்ட்டில் இன்னொரு நாற்காலி காலி. ஊர்க்காரர்கள் பலருடைய வழக்கு அங்கேதான் வரப்போகிறது. இன்னொரு முறை ஏமாந்தால் அவளால் ஊரில் தலைகாட்ட முடியாது.

"நாடு முழுக்க நம்ம ஆளுங்க இதையேதான் சொல்லிச் சொல்லிப் பொருமுறாங்க," என்று ஒரு சாண்ட்விச்சை அவள் பக்கம் தள்ளினார் பிரெஸ்காட். "நாமளே உட்காரவெச்ச ஜட்ஜுங்க அதிபருக்கே எதிரா தீர்ப்பு எழுதுறாங்கன்னு. இந்தத் தடவை அப்படி ஆகாது. சாப்பிடுங்க. ஏன் இவ்வளவு லேட்?"

"மாட்டுக்குத் தண்ணி லாரி வரலை. வந்து ஊத்தினப்புறம்தான் கிளம்பினேன்."

"ஆத்தங்கரையில பண்ணை வெச்சுக்கிட்டு தண்ணி லாரியா! நல்ல கூத்து!" பிரெஸ்காட் விழுந்து விழுந்து சிரித்தார். வாண்டா சிரிக்கவில்லை. சாண்ட்விச்சையும் தொடவில்லை.

மறுபடி ஒத்திகை தொடங்கியது. "ஒரு வழக்குல அதிபரே ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யாரோ ஒரு சாதாரண ஆள். என்ன பண்ணுவீங்க?" என்றாள் வாண்டா.

"அது என் கோர்ட்டுக்கு வரக்கூடிய..."

"போதும், நிறுத்துங்க!" முன்னாலிருந்த செனட்டர் பெயர்ப்பலகையை அவள் குப்புறக் கவிழ்த்தாள். "இதே பாட்டைத்தான் போன தடவை வந்தவரும் பாடினாரு. எங்க சர்ச்சுக்கு வந்து, நாங்க சுட்ட ஆப்பிள் பையை மூணு துண்டு தின்னுட்டுப் போயி எங்களையே கவுத்தாரு. இப்போ கேக்கறது செனட்டர் இல்ல, வாண்டா பிக்கெட். எனக்குப் பதில் வேணும்."

"வாண்டா, வேஷத்தைக் கலைக்காதீங்க," என்றார் பிரெஸ்காட்.

"வேஷமெல்லாம் உங்க ஊர்ல வெச்சுக்குங்க. நான் வெறுங்கையோட ஊருக்குத் திரும்ப முடியாது. சொல்லுங்க சார்."

டன்லப் பிரெஸ்காட்டைப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு நேராக வாண்டாவைப் பார்த்தார்.

"சட்டம் அவர் பக்கம் இல்லைன்னா அவர் தோத்துத்தான் போவார், மேடம். அதிபரா இருந்தா என்ன, அதிபரைப் பெத்தவரா இருந்தா என்ன?"

பிரெஸ்காட்டின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, இதைப் போய் இவங்ககிட்டயா சொல்வீங்க?" என்று தலையில் கைவைத்தார். "வாண்டா, மனசுல வெச்சுக்காதீங்க. இந்த ஆளு வேண்டாம். நாளைக்கே வேற பேரு கொண்டாறேன். அதிபர் கிழிச்ச கோட்டைத் தாண்டாத ஆளு. சத்தியமா!"

வாண்டா கைப்பேசியை எடுத்து செனட்டரைக் கூப்பிட்டாள். பிரெஸ்காட் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சார், வாண்டா பேசறேன். நீலச் சீட்டுல கையெழுத்துப் போட்டு இன்னைக்கே அனுப்பிடுங்க. டன்லப்தான் வேணும். அவர் பேரை யாராவது அடிக்கப் பார்த்தா, எங்க மாவட்டத்துல ஒரு ஓட்டு விழாதுன்னு அதிபர்கிட்டயே சொல்லுங்க!"

பிரெஸ்காட் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அதிபருக்கு எதிரா எழுதுவேன்னு முகத்துக்கு நேரா சொல்றாரு! போன தடவை பட்டது போதாதா?"

வாண்டா தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டாள்.

"அதிபர் கட்டுற எல்லைச் சுவருக்கு எங்க ஆத்தங்கரை நிலத்தைத் தூக்கிக் குடுத்ததே அந்த ஜட்ஜுதான்யா!"