பெயர் மாறிய கோப்பு

சர்வர் அறையின் குளிரிலும் மேலாளரின் வியர்வை நாற்றம் அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. காலையிலிருந்து அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலும் நகரவில்லை. யார் யாருக்கு அஞ்சல் அனுப்பினார்கள் என்று குறித்துவைக்கும் பதிவுக் கோப்பில் எழுத முடியாமல் சர்வர் முரண்டு பிடிக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கோப்பு யார் வசம் இருக்கிறதென்று பார்க்கிறாள்; சர்வரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மேலாளரின் பெயர். “சார், இதை உங்க பேருக்கு மாத்தினீங்களா?” பல்லிடுக்கைக் குச்சியால் குடைந்தபடி அவர் சிரிக்கிறார். “நம்ம பொண்ணுங்க யாருக்கெல்லாம் மெயில் போடுறாங்கன்னு சும்மா பாத்தேன்மா. உன்னோடதும்தான்.” அவள் கோப்பைச் சர்வருக்கே திருப்பிக் கொடுத்து, அதைத் திறக்க அவருக்கு இருந்த அனுமதியை அடியோடு நீக்குகிறாள். தேங்கிக் கிடந்த அஞ்சல்கள் கிளம்ப, திரையில் வரிகள் மளமளவென்று ஓடுகின்றன. படிக்கிற ஆசையில் அவர் இன்னும் குனிகிறார். ஈரக் குச்சி அவள் காதோரம் உரசுகிறது. அவள் திரையை அணைக்கிறாள். “எல்லாம் சரியாயிடுச்சாம்மா?” “மெயில் சரியாயிடுச்சு சார்.”