மூன்றாம் வளைவில் மச்சான்

சட்டைப் பையை மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

இருந்தது. சுண்டுவிரல் அளவு நீலப் பசைக் குப்பி. மூடியைச் சுற்றிய தாள்கூடக் கிழியவில்லை.

அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

செம்மண் தடத்தில் வண்டிகள் எல்லாம் ஒன்றாகச் சீறின. முழங்கை நீளத்துக்கு ரிமோட் டிரக்குகள். ஓட்டுகிறவர்கள் அந்தக் கோடியில், சாரம் கட்டிய மேடைமேல் வரிசையாக நிற்கிறார்கள்.

அவன் கீழே, மூன்றாம் வளைவில்.

முந்தின ஓட்டத்தில் தோற்றவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு வளைவுகளில் நிற்க வேண்டும். கவிழ்ந்த வண்டியை எடுத்து நிமிர்த்திவிட வேண்டும். இந்தக் களத்து முறை அது. நிமிர்த்தலாம், அவ்வளவுதான். தடத்தைவிட்டு வெளியே தூக்கிவிட்டால் அந்த வண்டிக்கு ஆட்டம் முடிந்தது.

முன்னால் பறக்கிற மஞ்சள் வண்டி சம்பத்துடையது. சம்பத் அவன் மனைவி ருக்குமணிக்குத் தம்பி.

ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை.

அவன் மகள் பாப்பாவுக்குக் காது குத்தின அன்று தாய்மாமன் சம்பத் வந்து சேரத் தாமதமாயிற்று. நேரம் போகிறது, நேரம் போகிறது என்று பறந்தவன் பாப்பாவின் அப்பனான அவன்தான். வேறொரு மாமன் முறைக்காரர் மடியில் உட்காரவைத்துக் குத்தியாயிற்று. சீர்த்தட்டோடு மண்டப வாசலுக்கு வந்த சம்பத், உள்ளே குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டான். தட்டோடு திரும்பிப் போனான்.

ருக்குமணி அதற்காகச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

இன்று காலை களத்தில் சம்பத்தே அவனிடம் வந்தான். வண்டியை மேஜைமேல் வைத்தான். அடிச்சட்டம், பிளாஸ்டிக் சேசிஸ், குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பக்கத்தில் புது அலுமினிய சேசிஸையும் வைத்தான்.

"மாத்திக் குடுங்க மச்சா. உங்க கையாட்டம் வராதுங்க."

அவன் மாற்றினான்.

பிளாஸ்டிக் என்றால் ஸ்க்ரூ தானே கடித்துப் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் அப்படியில்லை. ஓடுகிற அதிர்வுக்கே கழன்று வரும். மரையில் ஒரு சொட்டுப் பசை விட்டுத்தான் முடுக்க வேண்டும். தெரியாதவனா அவன்? இந்த மாதிரி வேலைக்கென்றே குப்பியைப் பையில் போட்டு வந்திருந்தான்.

முதல் ஸ்க்ரூவை எடுத்தபோது, சம்பத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பாப்பாவுக்குக் காது ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சு மாப்ள."

அதற்குப் பிறகு கை மட்டும்தான் வேலை செய்தது. கைக்குப் பழகியது பிளாஸ்டிக்; குப்பி பையிலேயே கிடந்தது.

மத்தியானம் இரண்டு பேருமாகச் சாப்பிட வருகிறோம் என்று வீட்டுக்குப் போனும் பண்ணிவிட்டான்.

"பச்சைப்பயறு கடையறேன்" என்றாள் ருக்குமணி.

மஞ்சள் வண்டி அவனைக் கடந்தது. நன்றாகத்தான் போயிற்று.

மறுபடி கடந்தது. நன்றாகத்தான்.

இல்லை. பின்பக்கம் கொஞ்சம் அலைந்ததோ?

கத்திச் சொல்லலாம். இந்த இரைச்சலில் மேடைக்குக் கேட்காது. கேட்டால் மட்டும்? தோற்றுப்போய் வளைவில் நிற்கிறவன், ஜெயிக்கப்போகிறவனை நிறுத்தச் சொன்னால் யார் நம்புவார்கள்?

சொல்லாமல் இருந்தால்? வண்டி சிதறின பிறகு சம்பத் ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பொறுக்குவான். வெறும் மரையைப் பார்ப்பான். வேண்டுமென்றே பசை போடாமல் விட்டிருக்கிறார் மச்சான் என்பான். அன்றைக்கும், இன்றைக்கும்.

ஒரு காலில் நின்றான். மறுகாலுக்கு மாறினான். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்தால் அந்த நேரம் பார்த்து ஏதாவது ஆகிவிடும்போல இருந்தது. துடைக்கவில்லை.

தாங்கிவிடு சாமி. இன்னும் இரண்டே சுற்று.

வளைவுக்குள் வந்த மஞ்சள் வண்டி வாலை வீசியது. உருண்டது. அவன் காலடியிலேயே மல்லாந்தது.

குனிந்து எடுத்தான்.

கட்டைவிரல் பட்ட இடத்தில் கியர் பெட்டி அசைந்தது. ஒரு ஸ்க்ரூவைக் காணோம். அடுத்தது பாதி வெளியே வந்திருந்தது.

இதற்குப் பிறகு பெரிய மேடு. ஆள் உயரத்துக்கு எம்பி விழ வேண்டும்.

கீழே வைத்தால் போதும். தாங்கினாலும் தாங்கும். ஜெயித்துவிட்டால் யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்?

"மச்சா! கீழ வெய்யுங்க மச்சா!"

மேடையிலிருந்து சம்பத்தின் குரல்.

"ஏனுங் சம்பத்து, உங்க மச்சான் அதைக் கொஞ்சீட்டு நிக்கறாருங்!" என்றான் பக்கத்தில் நின்று ஓட்டுகிற ஒருவன். மேடை சிரித்தது.

"தான் தோத்தா மச்சினனும் தோக்கோணுமாக்கும்" என்றது இன்னொரு குரல்.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கைக்குள் சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்றன. மேலே சம்பத் விசையை விடுவதாயில்லை. சக்கரங்களில் ஒட்டியிருந்த மண் அவன் முகத்தில் தெறித்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

அவன் தடத்துக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்தான்.

இன்னொரு காலையும்.

மேடையை நிமிர்ந்து பார்த்தான். உச்சி வெயில். தொப்பி நிழலில் சம்பத்தின் முகம் தெரியவில்லை.

தலையை ஆட்டினான். வேண்டாம் மாப்ள.

சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன.

பிறகு, அவன் கையில், மெல்ல, நான்கும் நின்றன.