வெர்லின் யாருக்கும் தராத ஹோஸ்டா

"இதுலேருந்து யாருக்காவது துண்டு வெட்டிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார் செடி நிபுணர் திருமதி ஹால்வர்சன்.

வெர்லினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானா? கால்ல விழுந்து கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்!"

எங்கள் மினசோட்டா ஊரில் வெயில் படாத மூலையிலெல்லாம் ஹோஸ்டா என்கிற அகல இலைச் செடிதான். ஆனால் மஞ்சள் இலையில் பச்சை மை ஊறியது போல நரம்போடு கோடு இழுத்த ஹோஸ்டா, வெர்லின் வீட்டு மேப்பிள் மரத்தடியில் மட்டும்தான் இருந்தது.

அதைப் புது ரகம் என்று தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும், அதுதான் மனுஷனின் ஒரே கனவு. அதற்காகவே செயின்ட் பால் நகரத்திலிருந்து நிபுணரை வரவழைத்து, ஹோஸ்டா சங்கத்தையே காபிக்குக் கூப்பிட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் கூப்பிட்டார். என் கைக்குப் புல்கூட வளராது. நான் வந்தது எலுமிச்சைக் கேக்குக்கு.

திருமதி ஹால்வர்சன் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது புது ரகம் இல்லைங்க, வைரஸ் நோய். வெட்டுற கத்தியிலேயே அடுத்த செடிக்குத் தாவிடும். உடனே தோண்டி எடுத்துடுங்க. வேற எங்கயாவது இதோட துண்டு இருந்தா அதையும் இன்னிக்கே பிடுங்கணும். இல்லைன்னா அந்தத் தோட்டமே போச்சு."

வெர்லினின் முகம் செத்துப்போனது. எனக்கே அழுகை வந்துவிட்டது.

முதலில் எழுந்தவர் பாதிரியார் லுண்ட். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தாராம். அவர் வெந்நீர் வைத்துக்கூட யாரும் பார்த்ததில்லை.

சங்கத் தலைவி மார்லிஸுக்கு நாயைக் கட்டிப்போட மறந்துவிட்டதாம். அவளிடம் ஏது நாய்?

அதற்குப் பிறகு யாரும் காரணம் சொல்லக்கூட நிற்கவில்லை. வரிசையாகக் கார்கள் கிளம்பின. பாதிக் காபி அப்படியே கிடந்தது.

வெர்லின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். விஷயம் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரமானது. ஏறியதும் அந்த முகம் மலர்ந்ததே, அடேயப்பா!

"அடப்பாவிங்களா! ஊரே ஆசைப்பட்டு என் செடியைத் திருடியிருக்கு! ஆர்டிஸ், பாத்தியா? பாதிரியார்கூட!" என்று மனைவியைப் பார்த்துக் கூவினார்.

கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிச் சிரித்ததில்லை. நிபுணரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

ஆர்டிஸ் கோப்பைகளை எடுக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்தாள்.

"திருட்டாவது ஒண்ணாவது. நான்தான்டி ஒவ்வொருத்தருக்கா வெட்டிக் கொடுத்தேன். இல்லைன்னா இவர் பண்ற கஞ்சத்தனத்துக்கு நம்ம வாசப்படியை எவன் மிதிப்பான்? வாயைத் திறந்துடாத. இன்னிக்கு ஒருநாளாவது மனுஷன் சந்தோஷமா இருக்கட்டும்."